ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடி

ஜாஃபர் சாதிக் ஒரு கைப்பேசியின் உடைந்த கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டிருந்தபோது, கடை வாசலில் வெயிலை மறைத்துக்கொண்டு இரண்டு பேர் வந்து நின்றார்கள். ரீசார்ஜ் போட வருகிறவர்கள் படியேறும்போதே எண்ணைச் சொல்லிக்கொண்டு வருவார்கள். இவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. மூத்தவர் கடையின் பெயர்ப்பலகையை அண்ணாந்து ஒருமுறை நிதானமாகப் படித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின் மேல் விரித்து வைத்தார். தாளில் ஏழு கைப்பேசி எண்கள் இருந்தன. நான்காவது எண்ணுக்குக் கீழே சிவப்பில் கோடு போட்டிருந்தது.

“பாய், இந்த ஏழும் உங்க பேர்ல இருக்கிற நம்பர்தானே?”

“ஆமா சார். அது வந்து, நம்ம பழக்கத்துல...” என்று ஆரம்பித்தவனுக்கு, ‘சார்’ என்ற சொல் தன் வாயில் தானாக வந்தது உறைத்தது. யார், எங்கிருந்து என்று அவர்கள் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டு வருகிற போலீஸ்காரர்கள் காலில் இருக்கிற பழுப்பு நிற ஷூவை மட்டும் மாற்ற மறந்துவிடுகிறார்கள். சைபர் பிரிவு எஸ்.ஐ. செந்தில்குமார் என்று மூத்தவர் பிறகுதான் அடையாள அட்டையைக் காட்டினார். ஜாஃபர் அதற்குள் தாளைப் படித்துவிட்டிருந்தான். கடைக்காரனுக்கு முகம் மறக்கும், எண் மறக்காது. நான்காவது எண் நடவுக்கு ஆள் அனுப்பும் ஞானாம்பாளுடையது.

ஏழில் ஒன்றுதான் அவனுடையது, இன்னொன்று மனைவி நுஸைபாவுடையது. மற்ற ஐந்தும் நடவு வேலைக்குப் போகும் பெண்கள் வைத்திருந்தவை. சிம் வாங்க வருகிறவர்கள் ஒரு சின்னக் கருவியில் கட்டைவிரலை வைக்க வேண்டும். ரேகை பதிந்தால்தான் எண் வேலை செய்யும். நாற்றுப் பறித்து முடிமுடியாகக் கட்டி, சேற்றுக்குள் விரலைக் குத்திக் குத்தி முப்பது வருடம் நட்டவர்களுக்கு ரேகை எங்கே மிச்சம் இருக்கிறது? ஞானாம்பாள் ஐந்து தடவை வைத்துப் பார்த்தாள். ஈரத்துணியால் துடைத்துவிட்டு வைத்தாள், தலையில் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கோடும் வைத்தாள். கருவி ஒவ்வொரு முறையும் சிவப்பு விளக்கைக் காட்டியது. வெளியே அவளுக்காக ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. “நீயே வச்சு விடு தம்பி. நீ எங்க ஓடிப்போவப் போற” என்றாள். ஒருவர் பேரில் ஒன்பது சிம் வரை சட்டமே வாங்க விடுகிறது, இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று வைத்துவிட்டான். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வாட்ஸ்அப் போட்டுக் கொடுத்தபோது, பெயர் கேட்ட இடத்தில் ஜே.எஸ். மொபைல்ஸ் என்று தன் கடைப் பெயரைத் தட்டிவிட்டான். அவள் இருக்கும் குழுவில் இருநூறு பேர், ஓசியில் விளம்பரம் ஆகட்டுமே என்ற அல்ப ஆசைதான் காரணம்.

அந்தக் குழுவில் எழுத்து என்று ஒன்று கிடையாது. நன்னிலத்திலிருந்து மயிலாடுதுறை வரைக்கும் நடவுக்கு ஆள் சேர்த்து அனுப்பும் பெண்கள் அதில் இருந்தார்கள். பாதிப் பேருக்கு மேல் படிக்கத் தெரியாது என்பதால் எல்லாமே குரல்தான். நாளைக்குப் பன்னிரண்டு ஆள் வேண்டும், பம்புசெட்டு வயல், வண்டி வரும், சாப்பாடு உங்களுடையது என்று ஒருத்தி பேசி அனுப்புவாள். இன்னொருத்தி எட்டு ஆள்தான் தேறும் என்று பதில் பேசுவாள். நடுவில் மருமகள் பிரசவம், கால் வீக்கம், ரேஷன் அரிசியில் வண்டு எல்லாம் வந்து போகும். ஒருத்தியை ஒருத்தி நேரில் பார்த்திராதவர்கள்தான் நிறைய. குரலை வைத்தே தெரிந்துகொண்டு, குரலை வைத்தே ஏசிக்கொண்டு, வருடக்கணக்காகப் பழகிவிட்டிருந்தார்கள்.

அந்தக் குழுவில் வந்த ஒரு குரல் பதிவைச் செந்தில்குமார் தன் கைப்பேசியில் ஓடவிட்டார். ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடி.

“எல்லாரும் நல்லா இருக்கீங்களா. நாளைக்கி நான் ஆள் அனுப்ப முடியாது, கோச்சுக்காதீங்க. மனசு சரியில்ல. என் மவன் பேசுனான்...” என்று ஞானாம்பாளின் குரல் தொடங்கியது. வடக்கே எல்லைப் பக்கம் ஒரு ஊரின் பெயரை அவள் தட்டுத்தடுமாறிச் சொல்லியிருந்தாள். அது சிதைந்துதான் இருந்தது. ஆனாலும் தேடுகிறவன் கண்டுபிடித்துவிடக்கூடிய சிதைவு. “பாலத்துக்குப் பக்கத்துல ஸ்கூல்ல தங்க வச்சிருக்காங்களாம். எழுவது பேராம். மூணு நாளா ரொட்டிகூட ஒழுங்கா வரலயாம். இங்க டிவியில வெடி போட்டுக் கொண்டாடுறாங்க. கொண்டாடுறவங்க வீட்டுப் பிள்ள ஒண்ணும் அங்க இல்ல. யாருக்குடி இந்தச் சண்ட? சோறு போட முடியாதவங்க எதுக்குடி சண்டைக்கு அனுப்புறாங்க? என் பிள்ளைய எனக்குத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க.” அதற்குப் பிறகு நான்கைந்து விநாடி வெறும் மூச்சு. தூரத்தில் எங்கோ ஒரு மோட்டார் ஓடும் சத்தம்.

எல்லையில் சண்டை மூண்டிருந்த வாரம் அது. இருநூறு பெண்களில் யாரோ ஒருத்தி தன் மகனுக்கு அனுப்பியிருக்க வேண்டும். அவன் யாருக்கோ அனுப்ப, ஒரே இரவில் அது முகநூலுக்குப் போய், ‘ராணுவ வீரனின் தாய் கதறல்’ என்று தலைப்பும் முளைத்துவிட்டது. காலையில் அறுபதாயிரம் பேர் கேட்டிருந்தார்கள். இந்தப்பக்கம் அழுதவர்கள் ஒரு கூட்டம், தேசத்துரோகி நாக்கை அறுக்க வேண்டும் என்று எழுதியவர்கள் அதைவிடப் பெரிய கூட்டம். அன்று பகலில் ஞானாம்பாளின் மகன் வளவன் யாருடைய போனிலிருந்தோ அரை நிமிடம் பேசினான். அம்மா, போட்டதை எடுத்துவிடு, நான் சொன்னதாக உயிரே போனாலும் யாரிடமும் சொல்லாதே என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அவள் செருப்புகூடப் போடாமல் கடைக்கு ஓடிவந்தாள். ஜாஃபர் விரலால் அழுத்திப் பிடித்து, எல்லோரிடமிருந்தும் அழி என்ற இடத்தைத் தொட்டான். உலகத்திடமிருந்து அழித்துவிட்டதாக அவளும் நம்பினாள், அவனும் கொஞ்சம் நம்பினான்.

“ஊரே பேச ஆரம்பிச்சதும் அழிச்சிருக்கீங்க” என்றார் செந்தில்குமார், அலுவலகத்தில் எதிரே உட்காரவைத்து. கடையிலிருந்த கணினி, பழுதுபார்க்க வந்த பதினோரு போன்கள், விரல் வைக்கும் கருவி எல்லாம் ஒரு சாக்குப்பையில் கட்டி மூலையில் கிடந்தன. “சாட்சியத்த அழிச்சதுன்னு அதுக்குத் தனி செக்ஷன் இருக்கு. ஏழு சிம். கடை பேர்ல அக்கவுண்ட்டு. நான் ஒண்ணும் சொல்லல பாய், தாள்ல எழுதினா எப்படி இருக்குன்னு நீங்களே பாருங்க.”

ஜாஃபர் பார்த்தான். தன்னைப் பற்றி எழுதப்பட்டிருந்ததைப் படிக்கப் படிக்க, அப்படி ஒருவனைத் தெருவில் கண்டால் தானே பயந்து ஒதுங்கியிருப்பான் என்று தோன்றியது. ஆனால் செந்தில்குமார் கெட்ட மனிதர் இல்லை. தேநீர் வரவழைத்துக் கொடுத்தார், மேசைவிசிறியை அவன் பக்கம் திருப்பிவைத்தார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அடிக்கிறவன் என்றால் வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடலாம்.

“எடம் பேரு, ஆள் கணக்கு, எங்க தங்கியிருக்காங்கன்னு சொன்னது, அது தப்புதான். என் தங்கச்சி மாப்பிள்ளையும் அங்கதான் இருக்கான். எவனாவது கேட்டு ஒரு குண்டப் போட்டா எழுவது வீடு போச்சு. அதுக்கு நானே கேஸ் போடுவேன்” என்றார்.

“அதுக்கப்புறம் பேசுனது? சோறு போடலன்னு சொன்னதும், யாருக்கு இந்தச் சண்டைன்னு கேட்டதும்?”

செந்தில்குமார் பேனாவை மூடிவைத்தார். “அதையும் சேக்கச் சொல்லி மேலேர்ந்து சொல்லியிருக்காங்க. ராணுவத்தோட மன உறுதியக் கெடுக்குறதாம்.”

“பெத்தவங்க கேக்குறது ஒரு தப்பா சார்? அத மட்டுமாவது எடுத்துடக் கூடாதா? அவங்க பாட்டுக்குக் கேட்டாங்க...”

“யாரு அவங்க?”

ஜாஃபர் ஆறிப்போன தேநீரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தான்.

“குழு நடத்துற அம்மாட்ட கேட்டாச்சு. யார் குரலுன்னே தெரியாதுங்குது. பயந்து கெடக்கு” என்றார் செந்தில்குமார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர் யோசனை சொல்கிற மாதிரி விளக்கினார். “ரெண்டுல ஒண்ணுதான் பாய். இது நெசம்னா, அந்தப் பையன் யாருன்னு ராணுவம் கேக்கும். நான் பேர் குடுத்தாவணும். வேல போயிடும், அங்கயே விசாரிச்சு ஜெயிலு. இது பொய்னா, ராணுவத்தான் அம்மா மாதிரி யாரையோ வச்சுப் பேசி வதந்தி பரப்பியிருக்கீங்க. அப்ப பையன்னு ஒருத்தனே இல்ல, நீங்கதான். உங்க வீட்டம்மாவ வச்சுப் பேசியிருப்பீங்கன்னு மேல நெனக்கிறாங்க. நாளைக்கிக் காலைல பத்து மணிக்கு அவங்களக் கூட்டிட்டு வாங்க. ஒப்பிட்டுப் பாக்கக் குரல் மாதிரி எடுக்கணும். சம்மதம்னு கையெழுத்துப் போட்டா போதும்.”

“அவ குரல் இல்லன்னு வந்துட்டா விட்டுருவீங்களா?”

“ரிப்போர்ட் வர மூணு மாசம் ஆவும். அதுவரைக்கும் நீங்க உள்ளதான், ஜாமீன் கெடைக்காத செக்ஷன். அதுக்குள்ள யாரு பேசுனதுன்னு உங்களுக்கே ஞாபகம் வந்தா சொல்லுங்க.”

வெளியே வந்து மொபெட்டை எடுத்தவன் வீட்டுக்குப் போகவில்லை, ஞானாம்பாளைத் தேடிப் போனான். ஞானாம்பாள் மறுநாள் நடவுக்காக வாய்க்கால் ஓரத்து நாற்றங்காலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தாள். ஆற்றில் தண்ணீர் வர இன்னும் நாள் இருந்தது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நம்பி முன்கூட்டியே குறுவை போட்டவர்களின் வயல்கள் மட்டும் பொட்டலில் அங்கங்கே பச்சையாக இருந்தன. சொல்லிவிடுவது என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தான். அக்கா, நீங்களே வந்து நான்தான் பேசினேன் என்று சொல்லிவிடுங்கள், எனக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது என்று ஒத்திகைகூடப் பார்த்திருந்தான். அவளைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது வளவன்தான். ராணுவத்துக்கு விண்ணப்பம் போட அவன் கடைக்கு வந்தபோது, உயரம், மார்பளவு, மச்சம் எல்லாம் ஜாஃபர்தான் கேட்டுக் கேட்டுத் தட்டினான். புகைப்படத்துக்கு வெள்ளைச் சட்டை இல்லை என்று ஜாஃபரின் சட்டையையே மாட்டிக்கொண்டு நின்றான். வேலை கிடைத்த அன்று அவள் கடைத்தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். முதல் லட்டு ஜாஃபருக்குத்தான்.

அவள் முழங்கால் சேற்றோடு வரப்பில் ஏறி வந்தாள். “என்ன தம்பி, கடைய மூடிட்டு வந்திருக்க?” என்று கேட்டவள், முகத்தைப் பார்த்துக் கையிலிருந்த நாற்றுமுடியைக் கீழே வைத்தாள்.

சொன்னான். ஏழு எண்கள், கடைப் பெயர், நுஸைபா, நாளைக்குப் பத்து மணி, நிஜமென்றால் யார், பொய்யென்றால் யார் எல்லாவற்றையும் சொன்னான். ஒத்திகை பார்த்த வரி மட்டும் வாயில் வரவில்லை.

“நான் வந்து சொல்லிடுறேன்” என்றாள் உடனே. “நான் பேசுனதுக்கு நீ எதுக்குப் போவணும்? உங்க வூட்டுப் பொம்பள எதுக்குப் போவணும்?”

“நீங்க வந்தீங்கன்னா மவன் யாருன்னு கேப்பாங்க அக்கா.”

“சொல்ல மாட்டேன்.”

“ஒங்களுக்கு இருக்குறது ஒரு மவன்தானே அக்கா. ஊருக்கே தெரியும்.”

அவள் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். எதிர்க்கரையில் ஒரு நாற்றுக்கட்டு சரிந்து தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. அதை எடுக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. “அவனுக்குச் சோறு இல்லன்னு சொன்னது அவ்வளவு பெரிய தப்பா தம்பி?” என்று கேட்டாள். சோறு இல்லையென்று சொன்னது வேறு, எங்கே இருக்கிறான் என்று சொன்னது வேறு என்று எஸ்.ஐ. அழகாகப் பிரித்துச் சொன்னார். இவளிடம் அதை எப்படிப் பிரித்துச் சொல்வது? பிள்ளை எந்த இடத்தில் பட்டினி கிடக்கிறான் என்று சொல்லாமல் பட்டினி கிடக்கிறான் என்று மட்டும் எந்தத் தாயால் சொல்ல முடியும்?

வீட்டில் நுஸைபா எல்லாவற்றையும் கேட்டு முடிக்கும்வரை அடுப்பங்கரை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே பத்தாம் வகுப்பு முடித்த மகள் சபிஹா, புதுப் பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

“சொல்லிட வேண்டியதுதானே” என்றாள் நுஸைபா. “அந்த அக்கா பேரச் சொல்லிட்டு வாங்க. நாம பொய் சொல்லலியே.”

“அந்தப் புள்ள வாழ்க்க போயிடும்.”

“அந்தப் புள்ள நம்ம புள்ளையா? உள்ள இருக்கே, இதுதான் நம்ம புள்ள.” குரல் உயராமல்தான் சொன்னாள். “அவங்க மாட்டுனா தாய் மனசுன்னு நாலு பேராச்சும் பேசுவான். நாம மாட்டுனா என்ன பேசுவான்னு உங்களுக்குத் தெரியாதா? சண்ட நடக்குற நேரத்துல நம்ம பேர வச்சுக்கிட்டு?”

தெரியாமல் என்ன. காட்டிக்கொடுக்காவிட்டால் என்ன பெயர் கிடைக்கும் என்பது தெரியும். காட்டிக்கொடுத்தால், எல்லையில் நிற்கிற பையனைப் போலீசில் போட்டுக்கொடுத்தவன் என்ற பெயர் கிடைக்கும் என்பதும் தெரியும். இந்தக் கடைத்தெருவில் பதினெட்டு வருடம் எல்லோருடைய போனையும் பிரித்துப் பார்த்திருக்கிறான். யார் யாரிடம் பேசுகிறார்கள், யார் எந்தப் படத்தை ஒளித்து வைத்திருக்கிறார்கள் எல்லாம் கண்ணில் பட்டிருக்கிறது. ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை. அந்த நம்பிக்கைதான் அவனுடைய முதல். அதை இந்த வயதில் எப்படி எடுத்துச் செலவழிப்பது என்று தெரியாமல் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான். கடைசியில் நுஸைபா, “வரேன். என் குரல் இல்லன்னு கேட்டாலே தெரிஞ்சிடும்ல” என்று மட்டும் சொன்னாள். அவள் உண்மையிலேயே அப்படி நம்பினாள். அவனுக்குத்தான் அது தாங்கமுடியவில்லை.

காலையில் பத்து மணிக்குச் சாலையைப் பார்த்த அறையில் அவர்களை உட்காரவைத்தார்கள். மேசைமேல் ஒரு ஒலிவாங்கி இருந்தது. ஜாஃபரின் முன்னால் வாக்குமூலத் தாள். ‘மேற்படி எண்ணை உபயோகித்து வந்தவர்’ என்பதற்கு எதிரே காலியாக விட்டிருந்தார்கள். பேனாவும் கொடுத்தார்கள். நுஸைபாவிடம் தட்டச்சு செய்த இன்னொரு தாளைக் கொடுத்து, அதிலிருப்பதை அப்படியே படிக்கச் சொன்னார்கள்.

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு படித்தாள். “எல்லாரும் நல்லா இருக்கீங்களா. நாளைக்கி நான் ஆள் அனுப்ப முடியாது...” பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி, புள்ளி வந்த இடங்களில் நிறுத்தி நிறுத்தி, கடைசிவரை படித்து முடித்தாள்.

“இப்படிப் படிச்சா ஒப்பிட முடியாதும்மா” என்றார் செந்தில்குமார். அவருக்கே சங்கடமாக இருந்ததோ என்னவோ, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “ஆடியோல அழுதுக்கிட்டே பேசுறாங்க. நீங்களும் அதே மாதிரி பேசணும்.”

இரண்டாம் தடவை அவள் முயன்றாள். வரவில்லை. மூன்றாம் தடவை படிக்கும்போது, மூணு நாளா ரொட்டிகூட என்ற இடத்தில் எதற்கோ நின்றாள். தாளை இன்னும் கிட்டத்தில் பிடித்தாள். அதுவரை அவள் அந்தப் பேச்சை முழுதாகக் கேட்டிருக்கவில்லை என்பது ஜாஃபருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. “யாருக்குடி இந்தச் சண்ட” என்று கேட்டபோது அவள் குரல் வேறாகியிருந்தது. “என் பிள்ளைய எனக்குத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க” என்ற இடத்தில் உடைந்தேபோனது. யாரும் சொல்லிக்கொடுத்து வந்த அழுகை இல்லை அது. ஒலிவாங்கிக்குப் பின்னால் நின்ற போலீஸ்காரர், சரியாக வந்துவிட்டது என்பதுபோல் தலையை ஆட்டினார்.

ஜாஃபரால் அவளைப் பார்க்க முடியவில்லை. சாலைப் பக்கம் திரும்பினான். ஜன்னல் கம்பிகளுக்கு அந்தப்பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், ஞானாம்பாள் நின்றுகொண்டிருந்தாள். நல்ல சேலை கட்டித் தலைவாரி, எங்கேயோ விசேஷத்துக்குக் கிளம்பியவளைப்போல் வந்திருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியாது. வாசல் பத்தடியில்தான் இருந்தது. அவள் வாசலையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. நுஸைபாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கடைசியா இன்னொரு தடவ” என்றார் செந்தில்குமார்.

நுஸைபா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லாரும் நல்லா இருக்கீங்களா என்று முதலிலிருந்து தொடங்கினாள். ஜன்னலுக்கு வெளியே ஞானாம்பாளின் உதடுகளும் சத்தமில்லாமல், ஒரு வார்த்தை பிசகாமல், கூடவே அசையத் தொடங்கின.